முதியோர் நலனுக்குச் சிறு நிதி: செட்டிநாட்டு ஊர்க் குழுக்களுக்கு எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது?

கண்டனூர் ஓய்வாசிரியர்:

வணக்கம். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன சிலர் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில், வயதானவர்களுக்காகத் தாமாகவே ஏதேனும் செய்துகொண்டிருக்கும் சிறு குழுக்களுக்கு அதை 10,000 முதல் 25,000 ரூபாய் வரை பிரித்துக் கொடுப்பது அவர்கள் எண்ணம். யாருக்கு, எதற்கு, எந்த நிபந்தனையில் என்று எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதத் தொடங்கும் முன் இங்கே உள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

எங்கள் குழுவின் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தெருவில் தனியாக இருந்த ஒரு மூதாட்டி, வீட்டின் உட்பகுதியான இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்து, விளக்கு வைத்த நேரத்திலிருந்து மறுநாள் பால்காரர் வரும்வரை எழ முடியாமல் கிடந்தார். நம் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் வாசலில் நிற்பவருக்கே கேட்காது. அதன் பிறகுதான் செவ்வாய், வெள்ளி மாலைகளில் இருபது பேரளவில் கூடத் தொடங்கினோம். வராதவர் வீட்டுக்கு அன்றே ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் சட்டம்.

முதல் ஆண்டுச் செலவு 18,400 ரூபாய். ஆட்டோவுக்கு 8,300, சுண்டலுக்கும் தேநீருக்கும் 5,200, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 3,600, இரத்த அழுத்தக் கருவியின் பழுதுக்கும் மின்கலத்துக்கும் 900, நோட்டுக்கும் தொலைபேசிக்கும் 400. இரண்டாம் ஆண்டுக்காக ஒரு நிறுவனத்திடம் 15,000 ரூபாய் கேட்டபோது பதினேழு பக்க விண்ணப்பத்தை நீட்டினார்கள். ஆட்டோவுக்கும் சுண்டலுக்கும் தர இயலாது, நிலைத்து நிற்கும் பொருளாக வாங்கினால் தருகிறோம் என்றார்கள். அவர்கள் பெயர் எழுதிய நாற்பது நாற்காலிகளை வாங்கினோம். நாற்காலிகள் வந்த மாதத்தில், ஆட்டோவுக்குப் பணம் இல்லாமல் மூன்று வாரம் அவற்றில் உட்கார ஆள் வரவில்லை.

ஆகவே என் முதல் விதி, பொருளுக்குக் கொடுப்பதைவிட ஆட்களைக் கூட்டுவதற்கு ஆகும் சில்லறைச் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்பது. இதில் உங்களுக்கு மாறுபாடு இருந்தால் சொல்லுங்கள்.

புதுவயல் செவிலி:

ஐயா, பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஆனால் பொருள் அனைத்தையும் ஒதுக்கிவிட வேண்டாம். நீங்கள் சொன்ன மூதாட்டி விழுந்த இடத்தில் ஒரு கைப்பிடி இருந்திருந்தால் இந்த இழையே வேறு மாதிரி தொடங்கியிருக்கும்.

இருபத்தாறு ஆண்டுகள் வார்டில் நின்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், எலும்பு கூடுவது ஒரு பாதிதான். விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தில் நடமாட்டத்தைக் குறைத்து, அதனால் தசை இளைத்து, மீண்டும் விழுவது மறுபாதி. நம் வீடுகளில் விழுவதற்கான இடங்களை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்: முகப்பின் உயரமான படிகள், முழங்கால் உயர நிலைப்படி, மழை நாளில் வளவு வாசலிலிருந்து (நடுமுற்றத்திலிருந்து) நீர் தெறித்து வழவழப்பாகிப்போன ஆத்தங்குடிக் கல் தரை, வெளிச்சம் இல்லாத கிணற்றடி.

சென்ற ஆண்டு ஒரு வீட்டில் முகப்புப் படிக்குக் கைப்பிடி போடப் போனோம். எவர்சில்வர் குழாய், பற்றவைப்புக் கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிகிற வேலை. அங்கே இருப்பவர் 81 வயது மூதாட்டி ஒருவர்தான். வீட்டுக்கோ பதினொரு பங்காளிகள். முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் கலந்து பூசிய சுவரில் துளை போடக் கூடாது என்று ஒருவர் துபாயிலிருந்து சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அந்தப் பூச்சை இனிச் செய்ய ஆள் இல்லை. நான்கு மாதம் தொலைபேசியிலேயே போயிற்று. கடைசியில், சுவரைத் தொடாமல் படியின் ஓரமாக மண்ணில் குழி தோண்டி, இரண்டு கால்களை ஊன்றிக் கைப்பிடியை நிறுத்தினோம். அந்த ஆச்சி முதல் நாள் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி, தெருமுனைப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தார். எட்டு மாதமாக வாசலைத் தாண்டாதவர் அவர்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோருக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கமும், அதோடு வாரத்தில் 3 நாளாவது சமநிலையையும் தசை வலிமையையும் வளர்க்கும் பயிற்சியும் வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. செவ்வாய், வெள்ளி என்று இரண்டு நாள் கூடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதும் போதும். நாற்பது நாற்காலிகள்தான் உங்களிடம் இருக்கின்றனவே.

பழைய கணக்குப்பிள்ளை:

ஆசிரியரின் செலவுக் கணக்கைப் பார்த்ததும் மகிழ்ச்சி. ஐந்தொகை (வரவு செலவு, சொத்து, கடன் எல்லாம் அடங்கிய முழுக் கணக்கு) போட்டுப் பழகிய ஊரில் இப்போது சங்கங்களின் கணக்குகள் இருக்கும் நிலையைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சில செய்திகளைத் தெளிவுபடுத்த வேண்டும்.

ஏழு பேர் சேர்ந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ச் சங்கம் பதியலாம். பதிவது எளிது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தணிக்கை செய்து, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்து அந்தப் பதிவைக் காப்பாற்றுவதுதான் கடினம். பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பினால் இன்னும் படிகள் உண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் முதியோர் இல்லம், பகல்நேரப் பராமரிப்பு மையம் ஆகியவை வெளிப்படையாகவே இடம்பெற்றுள்ளன என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு, வருமான வரித்துறையில் தனக்கு வரிவிலக்குத் தரும் பதிவையும் (12ஏ) நன்கொடையாளருக்கு வரிச் சலுகை தரும் பதிவையும் (80ஜி) பெற்று, 2021 ஏப்ரல் முதல், இத்தகைய நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 என்ற பதிவுப் படிவத்தையும் தாக்கல் செய்திருக்க வேண்டும். இருபது பேர் சுண்டல் சாப்பிடும் குழு இதையெல்லாம் செய்தால், சுண்டலைவிடத் தணிக்கையாளருக்கு அதிகம் செலவாகும்.

ஆகவே ஏற்கெனவே பதிவும் ஒழுங்கான கணக்கும் உள்ள ஓர் அமைப்பின் வழியாகப் பணத்தை நிறுத்தி, குழுக்கள் ரசீதைக் காட்டிப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடே நல்லது. ஒரு குழுவுக்கு ஒரு குறிப்பேடு. தேதி, செலவு, கையொப்பம் அல்லது கைநாட்டு. ஆட்டோக்காரர் ரசீது தர மாட்டார் என்று சொல்வார்கள். அவர் பெயரும் வண்டி எண்ணும் எழுதி, அவரிடமே கையொப்பம் வாங்கிவிட்டால் அதுதான் ரசீது.

இன்னொன்று, நன்கொடையாளர்களுக்கு: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி சலுகை கிடைக்காது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

கோலாலம்பூர்ப் பேரன்:

என் ஐயா (தாத்தா) பள்ளத்தூரிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போனவர். நான் இங்கேயே பிறந்தவன், மலேசியக் குடிமகன். என்னைப் போன்று பத்துப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் இந்த 3 லட்சத்தை இரண்டு மடங்காக்கிவிடலாம். எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள்.

பழைய கணக்குப்பிள்ளை:

தம்பி, உங்கள் மனத்துக்கு நன்றி; ஆனால் எந்தக் கணக்குக்கும் அனுப்பாதீர்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், எந்த நாட்டில் இருந்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் தருவது, அவர் வேர் எந்த ஊரில் இருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். அந்தப் பதிவைக் கேட்கும் அமைப்பு பொதுவாக மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்றாண்டில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்கவும் வேண்டும். சரி, அப்படிப் பதிவு பெற்ற பெரிய அமைப்பு ஒன்றின் வழியாகச் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்றால், 2020-இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது: ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பங்களிப்பை இன்னோர் அமைப்புக்கோ ஆளுக்கோ மாற்றிக் கொடுக்கக் கூடாது. அதாவது சிறு நிதி என்ற முறையே அந்தப் பணத்தில் செல்லாது.

இங்குள்ள உறவினர் ஒருவர் கணக்குக்கு அனுப்பி அவர் மூலமாகக் கொடுக்கலாம் என்று யாரேனும் யோசனை சொல்வார்கள். உறவினருக்கு அவர் செலவுக்கு அனுப்புவது வேறு, அவரைக் குழாயாகப் பயன்படுத்துவது வேறு. சிக்கல் வந்தால் மாட்டிக்கொள்பவர் இங்கே இருக்கும் முதியவர்தான். நகரத்தார் கடல் கடந்து சம்பாதித்த பணத்தில் எழுந்த ஊர்களில், அதே கடல் கடந்த பணத்தால் ஒரு கிழவிக்கு ஆட்டோ பிடிக்க முடியவில்லை என்பது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. சட்டம் சட்டம்தான்.

கோலாலம்பூர்ப் பேரன்:

புரிந்தது. அப்படியானால் பணம் அல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பள்ளத்தூரில் எங்கள் வீட்டில் எனக்கும் ஒரு புள்ளிக்குரிய (திருமணமான ஒரு குடும்பத்துக்குரிய) பங்கு உண்டு. அந்த வீட்டுப் படிக்கோ கழிவறைக்கோ கைப்பிடி போடுவதற்கு என் சம்மதத்தை இன்றே எழுதித் தருகிறேன். செவிலி அம்மா சொன்ன பங்காளிகள் கதையைப் படித்தபோது, ஆறு மாதத்துக்கு முன் எனக்கு வந்து நான் பதில் போடாமல் விட்ட ஒரு செய்தி நினைவுக்கு வந்தது.

சாக்கோட்டை இளைஞர்:

எல்லோரும் நல்லெண்ணத்தோடு பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு மறுப்புகள் உண்டு.

இது அரசு செய்ய வேண்டிய வேலை. தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். அதில் 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 2007-இல் இருந்த அதே 200 ரூபாய்தான். 2021-இலேயே தமிழக மக்களில் 60 வயதைக் கடந்தவர்களின் பங்கு 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்தபடி நாட்டிலேயே இதுதான் அதிகம் என்று மக்கள்தொகைக் கணிப்பு சொல்கிறது; 2031-இல் 18.2 விழுக்காடாகும் என்கிறார்கள். இவ்வளவு பெரிய சுமையை 15,000 ரூபாய்ச் சுண்டல் தாங்குமா? குழுக்கள் பார்த்துக்கொள்கின்றன என்ற சாக்கு கிடைத்துவிட்டால், பொறுப்பில் இருப்பவர்கள் கையைக் கழுவிவிட மாட்டார்களா?

இரண்டாவது மறுப்பு உங்களுக்கு வலிக்கலாம். முகப்பு, வளவு, ஆத்தங்குடிக் கல் என்றே இதுவரை பேச்சு போகிறது. அந்த வீடுகளில் நாற்பது ஆண்டு பாத்திரம் தேய்த்தவருக்கும், பூட்டிய வீட்டுக்குக் காவல் இருப்பவருக்கும், இப்போது எழுபது வயது ஆகிறது. பெரிய வீட்டுத் திண்ணையில் கூட்டம் போட்டால் அவர்கள் வந்து சரிசமமாக நாற்காலியில் உட்காருவார்களா, அல்லது சுண்டல் கிண்டும் பக்கம் நிற்பார்களா? பதினேழு பக்கப் படிவத்தைக் குறைத்தாலும், ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவருக்குத்தானே பணம் போகும்?

தேவகோட்டை ஆச்சி:

தம்பி கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கூட்டத்தில் அது நடந்தது. எனக்கு 74 வயது. பேத்தி தட்டச்சு செய்ய, நான் சொல்லச் சொல்ல இது வருகிறது.

எங்கள் வீட்டுப் பட்டாலையில்தான் (கூடத்தில்தான்) கூட்டம் நடத்தினோம். என்னோடு முப்பது வருஷமாக அடுப்படியில் இருந்த அம்மாளை நான்தான் கூப்பிட்டேன். வந்தார், தூணோரமாகத் தரையில் உட்கார்ந்தார், நாற்காலியைக் காட்டியும் அசையவில்லை. அவருக்கும் என்னைப் போலவே முழங்கால் வலி. தரையிலிருந்து எழ என் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது, பிடிக்கவும் கூசினார். மூன்றாம் வாரம் வரவில்லை. நான் கூப்பிட்டதே போதும் என்று நினைத்திருந்தேன். இடம் என் இடம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அதன்பின் நூலகத்தை ஒட்டிய கூடத்துக்கு மாற்றினோம். அங்கே யாருக்கும் சொந்தப் படி இல்லை. இப்போது அவர் வருகிறார், என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பல்லாங்குழியில் என்னைத் தோற்கடிக்கிறார். ஆனால் வீட்டிலிருந்து கூடம் வரை வர எங்களுக்கு ஆட்டோ வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். அந்தப் படியில் ஏறுகிற கால் இருந்தால் நான் ஏன் ஆட்டோவைக் கேட்கிறேன்?

புதுவயல் செவிலி:

ஆச்சி எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நான் கைப்பிடி போட்ட வீடுகளை எண்ணிப் பார்த்தேன். ஏழும் பெரிய வீடுகள்தான்.

இளைஞரின் முதல் மறுப்புக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் உண்டு. மாத்திரை வீட்டுக்கு வந்துவிடும். அதைச் சாப்பிட்டாரா, சாப்பிடாமல் தலையணைக்கடியில் சேர்த்து வைக்கிறாரா என்பது செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரருக்குத்தான் தெரியும். அரசை விடுவிப்பது குழுவின் வேலை இல்லை. அரசின் கை வந்து நிற்கும் இடத்துக்கும் முதியவர் படுத்திருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருக்கும் பத்தடியை நடப்பதுதான் அதன் வேலை. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் அக்கம்பக்கத்தாரின் சிறு நன்கொடைகளாலும் தன்னார்வலர்களாலும் மலப்புறம் முழுதும் பரவிய பிறகு, அரசு ஒதுங்கிக்கொள்ளவில்லை. 2008-இல் தனிக் கொள்கையே வகுத்தது.

எழுபது வயது ஆனவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அதற்குப் பதிந்துகொள்ள ஆதார் அட்டையோடு ஒருவரை அழைத்துப் போவதும் இந்தச் சிறு நிதியில் ஆகக்கூடிய வேலைதான்.

சாக்கோட்டை இளைஞர்:

பத்தடிக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பத்தடியை நடப்பவருக்குக் கூலி உண்டா? ஆசிரியரின் கணக்கில் உதவிக்கு வரும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 3,600. மாதம் 300 ரூபாய். தொண்டு என்ற பெயரில் ஏழைப் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்குவதை விதியிலேயே தடுக்க வேண்டும்.

கண்டனூர் ஓய்வாசிரியர்:

நியாயமான குற்றச்சாட்டு. அந்த எண்ணை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இல்லை. நீங்கள் வகுத்துக் காட்டியபோதுதான் கூசியது.

இதுவரை பேசியதை வைத்து வரைவை மாற்றியிருக்கிறேன். நிதியில் பாதிக்குக் குறையாமல் போக்குவரத்துக்கும் உதவியாளர் கூலிக்கும் போக வேண்டும். கூலி, ஒரு மாலைக்கு அந்த ஊரில் பெண்களுக்குக் கிடைக்கும் அரைநாள் கூலிக்குக் குறையக் கூடாது. இதனால் குழுக்களின் எண்ணிக்கை நான் நினைத்த இருபதிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்றாகக் குறையும், குறையட்டும். கைப்பிடி, விளக்கு போன்றவற்றுக்குத் தனியே கொஞ்சம் ஒதுக்கப்படும். அதில் முதலில் ஓட்டு வீடுகளுக்கும் காவல்காரர்கள் தங்கும் பின்கட்டு அறைகளுக்கும் கொடுக்க வேண்டும். கூடும் இடம் தனியார் வீடாக இருந்தால், அங்கே யார் வருவதில்லை என்பதைக் குழு தானே எழுதித் தர வேண்டும். கட்டடத்துக்கும், பெயர்ப் பலகைக்கும், சால்வை, நினைவுப் பரிசு வகைகளுக்கும் ஒரு ரூபாயும் இல்லை.

எதைச் சாதித்தீர்கள் என்று ஆண்டு முடிவில் கேட்கத்தான் வேண்டும், அதற்கு என்ன அளவு வைப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கிறது. மகிழ்ச்சி எத்தனை விழுக்காடு கூடியது என்றெல்லாம் கேட்டால் எல்லோரும் நூறு என்று எழுதிவிடுவார்கள்.

புதுவயல் செவிலி:

மூன்று எண்கள் போதும், ஐயா. கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறது என்பதைத் தொடக்கத்திலும் ஆறு மாதம் கழித்தும் குறியுங்கள். ஆண்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைக் கேளுங்கள். விழுந்ததை மறைப்பவர்கள் உண்டு, ஆகவே நோட்டில் எழுதினால் நிதி குறையாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வராதவர் வீட்டுக்கு அன்றே போய்ப் பார்த்தது எத்தனை முறை என்பது மூன்றாவது. நீங்கள் சட்டமாக வைத்திருப்பதே அதுதானே.

பழைய கணக்குப்பிள்ளை:

ஒரு திருத்தம். இரண்டு தவணையாகப் பிரித்து, முதல் தவணையின் கணக்கு வந்த பிறகே இரண்டாவது என்று வரைவில் போட்டிருக்கிறீர்கள். கணக்கு ஒரு வாரம் தாமதமானால் ஆட்டோ நின்றுவிடும். உங்கள் நாற்காலிக் கதைதான் மீண்டும் நடக்கும். முதல் தவணையில் நான்கில் மூன்று பங்கைக் கொடுத்துவிடுங்கள். மீதிப் பங்கை நிறுத்தி வைத்தாலே கணக்கு வரும்; வராவிட்டால், போனது அந்தப் பங்கு மட்டும் என்று இருக்கட்டும். அந்தக் காலத்தில் வியாபாரத்தில் மகமை பிடித்தபோது, நூற்றுக்கு இவ்வளவு என்று எடுத்துத் தர்மத்துக்கு வைத்தார்களே, அதில் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருந்தது. காசைக் கேட்டு யாரும் பதினேழு பக்கம் எழுதவில்லை.

தேவகோட்டை ஆச்சி:

விண்ணப்பத்தை எழுதத்தான் வேண்டுமா? வாயால் சொன்னால் ஆகாதா? எங்கள் கூட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஆறு பேர். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கண்டனூர் ஓய்வாசிரியர்:

ஆகும், ஆச்சி. படிவத்தை ஒரே பக்கமாக்கி, அதையும் குழு எழுத வேண்டாம் என்று வைத்துவிடுகிறேன். நானும் இன்னும் இருவரும் ஊர் ஊராக வந்து, கூட்டம் நடக்கும் வேளையில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிவிட்டு வருகிறோம். முதலில் சாக்கோட்டை. வரும் புதன்கிழமை காலை 10 மணிக்கு வரலாமா, தம்பி?

சாக்கோட்டை இளைஞர்:

காலையில் வந்தால் யாரையும் பார்க்க முடியாது, ஐயா. எங்கள் தெருவில் எழுபது வயதுக்காரர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். மாலை 4 மணிக்கு மேல் வாருங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். உங்களுக்கும் ஆட்டோ சொல்லி வைக்கிறேன், செலவை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.